யாருடைய சித்தம்?

பெரியம்மா மடத்துக்குப் போனதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. பாட்டி சொன்னது: “பிள்ளை தன்னை ஆண்டவருக்குக் கொடுத்துட்டா.” தாத்தா சொன்னது: “வீட்டுல ஒரு வாய் குறைஞ்சிச்சு.” இரண்டையும் கேட்டே வளர்ந்தேன். இரண்டுமே உண்மை என்று புரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

பெரியம்மா பிறந்தது ஏற்காட்டில், ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டைப் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்தக் காப்பியின் பழத்தைப் பறித்தவர்கள் பெயர் எதிலும் இருக்காது. மலையில் முன்பிருந்தே வாழ்ந்த மலையாளி மக்களும், சமவெளியிலிருந்து பிழைக்க ஏறிய சனங்களும் பறித்தார்கள். என் பாட்டி இரண்டாம் வகை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பழம் எடுத்தவள். லைன் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில் இருந்த சரிவில்தான் பெரியம்மாவின் குழந்தைப் பருவம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு போர்டிங் பிள்ளைகள் வெள்ளைக் காலுறையோடு வரிசையாக வருவதையும், அவர்களுக்கு முன்னும் பின்னும் சிஸ்டர்கள் சத்தமில்லாமல் நடப்பதையும் பார்த்திருக்கிறார். “அவங்க நடக்கிறது தரையில படாத மாதிரி இருக்கும்டி” என்பார். காலில் செருப்பில்லாத ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

1965இல், பதினெட்டு வயதில், பெரியம்மா சமவெளியில் ஒரு சபையில் சேர்ந்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் நல்ல மார்க். முதல் வார்த்தைப்பாடு கொடுத்த மறுவருடம், புலவர் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று தாயாரிடம் கேட்டார். தாயார் கோபப்படவில்லை. அன்பாகவே ஒரு கேள்வி கேட்டாராம்: “இந்த ஆசை உன்னுடையதா, ஆண்டவருடையதா?” பெரியம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசை தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரியும். தன்னுடையது என்றால் அது நான் என்னும் அகந்தை. அகந்தை என்றால் ஒறுக்க வேண்டியது. அடுத்த வாரம் சமையற்கட்டுக்கு அனுப்பப்பட்டார். முப்பத்தோரு வருடம் அங்கேதான் இருந்தார்.

நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கி ஆய்வேட்டை அவர் மடியில் வைத்தபோது, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுத்தான் அட்டையைத் தொட்டார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தத் தாயார் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கத்தோலிக்கத் தமிழில் இதற்கென்று ஒரு சொற்கூட்டமே இருக்கிறது. தாழ்ச்சி, கீழ்ப்படிதல், ஒறுத்தல், தேவ சித்தம், கையளித்தல். ‘பணிவு’ என்று பொதுத் தமிழில் சொல்லலாம். ஆனால் பணிவு ஒரு நடத்தை. தாழ்ச்சி அப்படியல்ல. அது உள்ளே இருக்கும் ‘நான்’ கீழே இறங்குவது. திருக்குறளின் துறவு அதிகாரமும் ‘நான்’, ‘எனது’ இரண்டையும் விடச் சொல்கிறது; ஆனால் அங்கே விடுபவனுக்கு மேலே உட்கார்ந்து அவன் விட்டானா என்று சோதிக்க ஒரு தலைவர் இல்லை. மடத்தில் இருக்கிறார். கடவுளின் சித்தம் தலைவரின் வாய் வழியாகவே வந்து சேர்கிறது என்ற ஏற்பாடு பழையது. 16ஆம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் தம் சேசு சபையின் சட்டங்களில் கீழ்ப்படிதலுக்குச் சொன்ன உவமைகள் புகழ் பெற்றவை: எந்தப் பக்கம் புரட்டினாலும் புரளும் பிணம், கிழவரின் கையிலிருக்கும் ஊன்றுகோல். சேசு சபை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் உவமைகள் மட்டும் பெண்களின் மடங்களுக்குள் தாராளமாக வந்து சேர்ந்தன.

ஆனால் நான் தேடிப் போன வழியில் முதலில் கிடைத்தது ஊன்றுகோல் இல்லை. ஒரு பிடிவாதக்காரி.

ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியவர்கள் குளூனி சூசையப்பர் சபைச் சகோதரிகள். பெரியம்மா சரிவிலிருந்து பார்த்த சிஸ்டர்கள் இவர்கள்தான். அவர் பின்னால் சேர்ந்தது வேறு சபை. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாகும்வரை இந்த மலை புதுச்சேரியோடுதான் ஒட்டியிருந்தது. அந்தப் புதுச்சேரிக்குக் குளூனி சகோதரிகள் 1827இலேயே வந்துவிட்டார்கள். அவர்களை அனுப்பியவர், சபையைத் தொடங்கிய ஆன் மரி ஜவூவே. 1779இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில் தலைமறைவாக இருந்த குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்த துணிச்சலான பெண். 1807இல் தன் உடன்பிறந்த சகோதரிகள் மூவரையும் சேர்த்துக்கொண்டு சபையைத் தொடங்கினார். அவருடைய ஆன்மிகம் முழுவதையும் இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம்: தேவ சித்தம். பெரியம்மாவை அடுப்படிக்கு அனுப்பிய அதே இரண்டு சொல்.

அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஜவூவே என்ன செய்தார் என்று பாருங்கள். 1822இல் செனகலுக்குப் போனார். ஆப்பிரிக்கச் சிறுவர்களைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அவர்களில் மூவர் 1840இல் குருக்களானார்கள். 1828இல் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், மனா என்ற ஆற்றங்கரையில், காட்டைத் திருத்தி ஒரு குடியேற்றம் அமைத்தார். பின்னர், அடிமை வியாபாரக் கப்பல்களிலிருந்து பிடித்து மீட்கப்பட்ட சுமார் ஐந்நூறு ஆப்பிரிக்கர்களைப் பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்தது. காகிதத்தில் விடுதலை பெற்றவர்கள்; ஆனால் ஏழு வருடம் அரசுக்கு உழைத்துத் தீர்க்க வேண்டியவர்கள். 1838 மே மாதம் அவர்களில் 185 பேர் முழு விடுதலை பெற்றார்கள். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிய இன்னும் பத்து வருடம் இருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்ட முதலாளிகள் இந்த அம்மாளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சின் அரசர் லூயி பிலிப் அவரைப் பற்றி ‘மாபெரும் ஆண்மகன்’ என்று வியந்ததாக ஒரு கதை உண்டு. பெண்ணைப் பாராட்ட அரசருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் மேற்றிராணியாரோடு சண்டை. குளூனி, ஓத்தன் மறைமாவட்டத்துக்குள் இருந்தது. அதன் மேற்றிராணியார் தெரிகூர், சபையின் தலைமை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். அந்நேரம் சபை ஆப்பிரிக்காவிலிருந்து புதுச்சேரிவரை பரவியிருந்தது. ஒரு பெண் கடல் கடந்த அமைப்பு ஒன்றைக் கட்டி ஆள்கிறாள். ஒரு மறைமாவட்டத்தின் ஆண் அதைத் தன் பையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். 1835இல் அவர் நீட்டிய காகிதத்தில் ஜவூவே நெருக்கடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு யோசித்து, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற சபை விதிகளுக்கு இது முரண், நான் கட்டுப்பட மாட்டேன் என்று பின்வாங்கினார். விளைவு மனாவில் அவரைத் துரத்தி வந்தது. மேற்றிராணியாரின் தூண்டுதலில் கயானாவின் திருச்சபை அதிகாரி அவருக்குத் திருவருட்சாதனங்களை மறுத்தார். சுமார் இரண்டு வருடம் நன்மை வாங்க முடியாது. தன் சகோதரிகள் வரிசையில் நின்று நன்மை வாங்குவதைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் அல்லாத வாசகருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்காமல் போகலாம். ஊர்விலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கப்பட்டது ஊரிலிருந்து அல்ல, கடவுளின் பந்தியிலிருந்து.

அவர் அசையவில்லை. ‘என் சபை, என் உழைப்பு, என் உரிமை’ என்றும் சொல்லவில்லை. இது தேவ சித்தம், நான் வெறும் கருவி, கருவிக்கு விட்டுக்கொடுக்க உரிமை இல்லை என்ற நிலையிலேயே நின்றார். ‘நான்’ இல்லை என்று சொன்ன பெண்ணை வளைக்க முடியவில்லை. வளைக்கக் கிடைப்பது அந்த ‘நான்’தானே. 1851 ஜூலையில் மேற்றிராணியார் இறந்த செய்தி வந்தபோது, அவரையும் தனக்கு நன்மை செய்தவர்களின் வரிசையில் சேர்த்துப் பேசினாராம். புகழ்ச்சி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் தன்னைச் சோதிக்கக் கடவுள் அவரைப் பயன்படுத்தினார் என்ற பொருளில். சில நாளில் அவரும் இறந்தார். 1950இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது.

இந்தக் கதையை இப்படியே விட்டுவிட்டுப் பெண்ணியக் கொடி நாட்டிவிடலாம். மனம் வரவில்லை. மனாவில் ஜவூவே ஒரு வீட்டுப் பெரிய அம்மாள் போலத்தான் ஆண்டார். எப்போது எழ வேண்டும், என்ன பயிரிட வேண்டும், யார் யாரோடு சேர்ந்து வாழலாம் என்பதெல்லாம் அவர் ஒழுங்குக்குள். மேற்றிராணியாரின் கையிலிருந்து அவர் காப்பாற்றிய அதிகாரம் கறுப்பு மக்களின் மேல் அவருடைய அதிகாரமாகவும் இருந்தது. அந்த ஐந்நூறு பேரில் ஒரு பெண் எழுந்து, தேவ சித்தம் எனக்கும் வந்தது அம்மா, அது வேறு மாதிரி சொல்கிறது என்றிருந்தால்? அதற்கான இடம் அந்த ஒழுங்கில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு சொல்லில் நின்றாக வேண்டும். நான் தமிழ் ஆசிரியை. சொல்லைத் தாண்டிப் போக முடியாது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வானதூதரின் செய்தியைக் கேட்ட மரியா தன்னை ஆண்டவரின் ‘அடிமை’ என்கிறாள். கிரேக்க மூலத்திலும் அடிமைப் பெண் என்பதே சொல். கிறிஸ்தவத்தில் தன்னைக் கையளித்தலுக்கு முதல் மாதிரி இதுதான். மடத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் இந்த ‘ஆகட்டும்’ என்பதைத் திரும்பச் சொல்கிறாள். பிரெஞ்சில் இதை வாசித்த உழவர் மகளுக்கு அது உருவகம். மனாவில் இதைக் கேட்டவர்களுக்கு? கழுத்தில் இரும்பு பட்ட தழும்போடு கேட்டவர்களுக்கு?

நம் ஊருக்கே வருவோம். ‘அடியேன்’ என்றும் ‘ஆட்கொள்ளல்’ என்றும் பக்தி இலக்கியம் முழுக்க இழைந்திருக்கும் இந்தச் சொற்கள், வயலில் இறங்கினால் வேறு பொருள் கொள்கின்றன. அங்கே அடிமை, ஆள், படியாள், பண்ணையாள் எல்லாம் உருவகம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல். ஜவூவே மனாவைவிட்டுப் புறப்பட்ட அதே வருடம். அதுவும் ஏட்டில். 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களில் காலியான இடங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றினார்கள். மார்த்தினிக், குவாதலூப், கயானா என்று ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் சனம். அங்கே போகாதவர்கள் சேர்வராயன் மலை ஏறினார்கள். என் பாட்டியின் முன்னோர் போல.

ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து லைன் வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் போய், உன் ‘நான்’ என்பதைக் கீழே வை என்று சொல்வதற்கு என்ன பொருள்? அவளை ‘நான்’ என்று சொல்ல விட்டது யார்? கங்காணி அவளை “ஏய்” என்றான். துரை கணக்குப் புத்தகத்தில் எண் என்றார். வீட்டில் ‘வாய்’ என்றார் தாத்தா. அவள் வாழ்நாளில் முதன்முதலாகச் சொந்தமாக ஓர் ஆசை வைக்கிறாள், புலவர் படிப்பு. அதற்குள் ‘ஆசை உன்னுடையதா’ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

1960இல் வலேரி செய்விங் என்ற அமெரிக்க இறையியல் மாணவி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அகந்தைதான் மனிதரின் மூலப்பாவம் என்று இறையியலாளர்கள் சொல்லி வந்ததை எடுத்துக்கொண்டு, இது ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்டது என்றார். பெண்களின் சிக்கல் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: தன்னைக் கரைத்துக்கொண்டே போய், கடைசியில் கொடுக்க ‘தான்’ என்று ஒன்றும் இல்லாமல் போவது. அந்த நோய்க்கு மேலும் தன்னொறுப்பை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும்? பெண்ணிய இறையியல் என்று பின்னாளில் பெயர் பெற்ற துறைக்கு அந்தக் கட்டுரை ஒரு தொடக்கம். அதை முதன்முறை வாசித்த இரவு எனக்குப் பெரியம்மாவின் கை ஞாபகம் வந்தது, புடவையில் துடைத்த கை.

செய்விங் சொன்னது சரிதான். ஆனாலும் அது எனக்குப் போதவில்லை. ஏனென்றால் மறுபக்கத்திலும் பெண்கள் நிற்கிறார்கள். 1310இல் பாரிசில் உயிரோடு எரிக்கப்பட்ட மார்கரீத் பொரெத் எழுதியது முழுக்கத் தன்னை அழித்துக்கொள்வதைப் பற்றித்தான். அப்படித் தன்னை அழித்துக்கொண்டவள், விசாரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல மறுத்தாள். நம் பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். தன்னை அரவணைத்த ஆங்கிலிக்கன் சகோதரிகள் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தபோது, கடவுளுக்கு என்னைக் கொடுத்தேன், உங்களுக்கல்ல என்ற பொருளில் கடிதம் கடிதமாக வாதாடினார். காரைக்காலம்மையார் கணவனுக்காகத் தாங்கிய உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். கடவுளிடம் முழுசாகக் கொடுத்துவிட்டவளிடமிருந்து கணவனோ குருவோ மேற்கொண்டு எதையும் வாங்க முடியாது. அதிகாரங்களுக்கு அதனால்தான் அவர்களிடம் பயம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? இடையில் யார் நிற்கிறார் என்பதில்தான் என்று நினைக்கிறேன். ஜவூவே தேவ சித்தம் எதுவென்று தானே கேட்டுத் தானே தீர்மானித்தார். பெரியம்மாவுக்கு அது இன்னொருவர் வாயால் சொல்லப்பட்டது. முன்னவருக்குக் கட்டித் தீர்க்க ஒரு சபையும், கப்பலும், அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதும் கையும் இருந்தன. பின்னவருக்கு ஒரு அகப்பை இருந்தது. பாமா ஏழு வருடம் மடத்தில் இருந்து வெளியேறி 1992இல் ‘கருக்கு’ வெளியிட்டபோது தமிழில் இதை முதன்முறையாக உள்ளிருந்தே ஒரு தலித் பெண் பேசினார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களின் வசதியையும், கீழ்ப்படிதல் யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதையும். பெரியம்மாவுக்கு நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் வாசித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கு” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு பக்கத்தில் மஞ்சள் விரல் ரேகை இருந்தது.

1965 அக்டோபரில், பெரியம்மா மடத்தில் சேர்ந்த அதே வருடம், இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவியரைப் பற்றிய ஆணை ஒன்றை வெளியிட்டது. தலைவர்கள் தங்கள் கீழ் உள்ளவர்களுக்கு மனம்விட்டுக் காதுகொடுக்க வேண்டும், கீழ்ப்படிதல் பொறுப்புள்ள மனிதரின் கீழ்ப்படிதலாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் காகிதம் ரோமிலிருந்து அந்தச் சமையற்கட்டுக்கு வந்து சேர முப்பது வருடம் பிடித்தது. அதற்குள் பெரியம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது.

போன டிசம்பரில் அவரை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். பழம் பறிக்கும் காலம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். பக்தியா, வயிற்றுப் புரட்டலா தெரியவில்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு ரிசார்ட். லேடீஸ் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். யார் அந்த லேடி என்று கேட்டார். யாரோ வெள்ளைக்காரச் சீமாட்டி சாயங்காலம் வந்து உட்காருவாளாம் என்றேன். “அம்மாவும் இங்க உட்கார்ந்திருக்கா. சாக்கை இறக்கி வைக்க” என்றார்.

அங்கேதான் ஜவூவே கதையைச் சொன்னேன். கட்டுரையில் என்ன எழுதப் போகிறேன் என்பதையும். கேட்டுவிட்டு, “நீ எழுதறது எனக்குச் சம்மதமில்ல” என்றார். “நான் ஏமாந்த மாதிரி எழுதுற. நான் கொடுத்தேன். அவருக்குத்தான் கொடுத்தேன். நடுவுல நின்னவங்க கை நீட்டி வாங்கிக்கிட்டாங்கன்னா அது அவங்க கணக்கு. நான் கொடுத்தது இல்லைன்னு ஆயிடாது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே சேலம் ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்: “அந்த அம்மா ரெண்டு வருஷம் நன்மை வாங்காம எப்படி இருந்தாங்க?”

தெரியவில்லை என்றேன்.

“நான் பதினோரு நாள் இருந்தேன்” என்றார். “தாயார் அந்தக் கேள்வி கேட்ட அன்னிலேர்ந்து. யாரும் மறுக்கல. நானே போகல. கோபம்.”

“யாரும் கேட்கலியா பெரியம்மா?”

“சமையக்கட்டு சிஸ்டர் பூசைக்குப் பிந்தித்தான் வரும். கடைசி பெஞ்சி. யாருக்கும் தெரியல.”